நீர் புகாத இடத்தில் நெருப்பு

1916 ஏப்ரல் 24 அன்று, அன்டார்க்டிகாவை ஒட்டிய எலிஃபன்ட் தீவிலிருந்து ஆறு பேர் ஒரு சிறிய படகில் கிளம்பினார்கள். ‘ஜேம்ஸ் கேர்ட்’ என்ற அந்தப் படகின் நீளம் ஏழு மீட்டர்கூட இல்லை. பனிக்கட்டிக்குள் கப்பலை இழந்த எர்னஸ்ட் ஷாக்கில்டன், தீவில் விட்டுவந்த 22 பேரை மீட்க உதவி தேடிப் புறப்பட்ட பயணம் அது. சுமார் 800 மைல் தாண்டித் தெற்கு ஜார்ஜியா தீவை அடைய வேண்டும். அவ்வளவு முரட்டுக் கடல் உலகில் அபூர்வம். படகில் ஒரு பிரைமஸ் அடுப்பு இருந்தது. தச்சர் அமைத்துக்கொடுத்த கித்தான் கூரைக்கு அடியில், நிமிர்ந்து உட்கார முடியாத பொந்தில், அந்த அடுப்பைக் கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டு சமைத்தார்கள். அடுப்புப் பொறுப்பு டாம் கிரீன் என்பவருடையது. படகு எகிறினால் பாத்திரத்தைக் கையில் தூக்கிக்கொள்வார்கள். அடங்கியதும் மறுபடி வைப்பார்கள். மே 10 அன்று ஆறு பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். திசை பார்த்து ஓட்டிய ஃபிராங்க் வொர்ஸ்லியின் திறமையை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நனைந்த உடையோடு உறைகுளிரில் கிடந்தவர்களின் உடம்புச் சூடு தணியாமல் காத்ததில், வேளாவேளைக்கு அந்த அடுப்பில் கொதித்த கூழுக்கும் பாலுக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்று உலகெங்கும் பாய்ப்படகில் ஊர் சுற்றுகிறவர்கள், இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கி வாழ்கிறவர்கள், வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் நம் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் என எல்லோரும் படகில்தான் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். சின்னப் படகுக்கு எந்த அடுப்பு ஏற்றது என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். உண்மையில் அதற்குள் வெப்பவியல், வாயுவியல், ஊசலின் கணக்கு, ரத்தத்தின் வேதியியல் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

தொடங்க வேண்டிய இடம் படகின் வடிவம். வெளியிலிருந்து ஒரு சொட்டு நீரும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே படகைக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு இணைப்பையும் அடைத்து, அடிப்பகுதியில் ஓட்டையே இல்லாமல் செய்கிறார்கள். அப்படி நீரை வெளியே நிறுத்தும் அதே சுவர், உள்ளே கசிந்த எதையும் வெளியே விடாது. வீட்டுச் சமையலறையில் கேஸ் கசிந்தால் கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக ஓரளவாவது வெளியேறிவிடும். படகில் அந்த இடுக்கு கிடையாது. ஆகவே படகு அடுப்பைப் பற்றி எந்த முடிவெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதிலிருந்து தப்புவது எங்கே போய்த் தங்கும்?

நாம் எல்லோரும் அறிந்த கேஸிலிருந்தே பார்ப்போம். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. அதாவது ஒன்று காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம், மற்றது இரண்டு மடங்கு. அசைவற்ற காற்றில் மெல்லக் கசியும் கேஸ், ஊற்றிய தண்ணீரைப் போலச் சரிவு தேடி இறங்கும். படகில் அது போய்ச் சேருமிடம் தளப்பலகைக்குக் கீழே உள்ள அடிப்பள்ளம். கசிவுநீர் தேங்குவதும் அங்கேதான். நீரை இறைக்கும் மின் பம்பும் அங்கேதான் இருக்கிறது. இன்ஜினும் அதன் ஸ்டார்ட்டரும் பக்கத்தில்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கிலோவாட் திறனுள்ள ஒரு பர்னர் மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் கேஸ் எரிக்கும். பால் பொங்கியோ காற்றடித்தோ தீ அணைந்து, திருகு திறந்தபடியே இருந்தால் நாற்பது நிமிடத்தில் 100 கிராம் வெளியேறிவிடும். 100 கிராம் கேஸ் வாயு நிலையில் சுமார் 50 லிட்டர். காற்றில் இரண்டு சதவீதம் கேஸ் கலந்தாலே பற்றக்கூடிய கலவை தயார்; சுமார் ஒன்பது சதவீதம் வரை அந்த ஆபத்து உண்டு. ஆக அந்த 50 லிட்டர், இரண்டரை கன மீட்டர் காற்றை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும், குனிந்து நிற்கும் உயரமும் கொண்ட கேபினில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பாதியும் கீழ்ப்பாதி. கேஸுக்கு மணமே கிடையாது. கசிவு தெரிவதற்காகத்தான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் நம் மூக்கு மேலே இருக்கிறது. டீசல் வாடையும் மீன் வாடையும் சேர்ந்த படகில், கணுக்கால் உயரத்தில் தேங்கிய கேஸை மூக்கு உணர்வதற்குள் யாரோ இன்ஜினை ஸ்டார்ட் செய்திருப்பார்கள்.

இதனால்தான் சிறு படகுகளின் கேஸ் அமைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 10239 என்ற சர்வதேசத் தரவிதி இருக்கிறது. சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்கும் பேச்சே அதில் இல்லை. திறந்த தளத்தில் வைக்க வேண்டும். அல்லது படகின் உட்பகுதியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மேலே மட்டும் திறக்கும் ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் படகின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு மேலே திறந்திருக்கும். கேஸ் கனமானது என்பதே ஆபத்துக்குக் காரணம் என்றோம். இங்கே அந்தக் கனமே காவலாகிவிடுகிறது. கசிந்தது தானாகவே இறங்கிக் கடலுக்கு மேலே போய்க் கலைந்துவிடும். மின்சாரமோ விசிறியோ தேவையில்லை.

அதே அழகு அடுப்புக்குள்ளும் ஒன்று உண்டு. படகுக்குரிய கேஸ் அடுப்பில் ஒவ்வொரு பர்னரின் ஓரத்திலும் தீ நக்கும்படி ஒரு சின்ன உலோக முனை நீட்டிக்கொண்டிருக்கும். தெர்மோகப்பிள் என்பார்கள். இரண்டு வேறு உலோகங்களை ஒரு முனையில் இணைத்து, அந்த முனையைச் சூடாக்கி மறுமுனையைக் குளிர்ச்சியாக வைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவு இது. கிடைப்பது சில பத்து மில்லிவோல்ட்தான். ஒரு டார்ச் விளக்கைக்கூட எரிக்க முடியாத அந்த மின்சாரம், கேஸ் வழியில் உள்ள ஒரு குட்டி மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கப் போதும். காந்தம் பிடித்திருக்கும்வரை வால்வு திறந்திருக்கும். தீ அணைந்தால் முனை ஆறும்; மின்னழுத்தம் விழும்; காந்தம் விட்டுவிடும்; சுருள்வில் வால்வை அடைத்துவிடும். அடுப்பைப் பற்றவைக்கும்போது திருகைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்: முனை சூடாகிப் பொறுப்பை ஏற்கும்வரை நம் விரல் அந்த வேலையைச் செய்கிறது. தீ தன்னைத்தானே காவல் காக்கிறது. பேட்டரி வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். நம் வீடுகளில் புழங்கும் சாதாரண அடுப்புகள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. வீட்டில் மன்னிக்கப்படும் அந்தக் குறை படகில் மன்னிக்கப்படாது. கேஸ் அடுப்பு வாங்குகிறவர் பர்னரின் எண்ணிக்கையையும் கண்ணாடி மேல்தட்டின் பளபளப்பையும் விட்டுவிட்டு, இந்த ஒரு முனை இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பேன்.

ஒழுங்காக எரியும் தீயும் கேள்வி கேட்கப்பட வேண்டியதே. ஒரு கிலோ புரொப்பேன் முழுதாக எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான நீர் ஆவியாகப் பிறக்கிறது. நம்புவதற்குச் சிரமம்தான், ஆனால் எரிபொருளின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் நீர்தானே. அடைத்த கேபினில் சமைத்தால் சுவரெல்லாம் வியர்த்து, துணியும் மெத்தையும் பூசணம் பிடிப்பது இதனால். அதே இரண்டு கிலோவாட் பர்னர் மணிக்கு ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் காற்றைக் காலி செய்யும். காற்று குறையக் குறைய எரிதல் முழுமை பெறாது. கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்ஸைடு வரத் தொடங்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேல் ஆசையாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று கடல் நோய் போலவே ஆரம்பிக்கும் என்பதுதான் படகில் இதன் கொடூரம். அலையில் தலை சுற்றுகிறது என்று நினைத்துப் படுத்தவர் எழுவதில்லை. குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்கிறவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் 2019 ஏப்ரல் முதல், கேபின் உள்ள படகுகளுக்குக் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் பாதுகாப்புச் சோதனையின் நிபந்தனையாகிவிட்டது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வாயுவின் எடை கிட்டத்தட்டக் காற்றின் எடையேதான், ஆகவே கேபின் முழுக்கப் பரவும். இதற்கான அலாரம் தலை உயரத்தில் இருக்க வேண்டும். கேஸ் கசிவைச் சொல்லும் கருவியோ அடிப்பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சுவரில் ஒரே உயரத்தில் மாட்டினால் ஒன்று வீண்.

கேஸ் இத்தனை பயம் காட்டுகிறதே, பழைய மண்ணெண்ணெய் நல்லதல்லவா? பல கடலோடிகள் அப்படித்தான் நினைத்தார்கள். ஸ்வீடனில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ், திரியில்லாத அடுப்பு. நம் வீடுகளில் ஒரு காலத்தில் உறுமிக்கொண்டிருந்த பம்பு ஸ்டவ் அதன் வாரிசுதான். பித்தளைத் தொட்டியில் காற்றடித்தால் எண்ணெய் மேலேறி, சூடான பர்னர் குழாய்க்குள் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியாகச் சீறி, காற்றோடு கலந்து புகையில்லாத நீலத் தீயாக எரியும். நான்சென் வடதுருவப் பயணத்துக்கு இதைத்தான் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் சிந்தினால் பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளாது. ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி பற்றும். குளிர்க்கடலில் அது பெரிய ஆறுதல். சித்திரை வெயிலில் காய்ந்த இரும்புத் தகட்டில் அந்த ஆறுதல் கிடையாது. இன்னொரு சங்கடம், பர்னர் முதலில் சூடாக வேண்டும். அதற்கு ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பம்படித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி, மஞ்சள் தீ கூரை வரை எழும். ஆடாத தரையில் பொறுமையாகச் செய்யலாம். ஆடும் படகில், பசியோடு இருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்கும் கருவி நல்ல கருவி ஆகாது.

அப்படியானால் ஸ்பிரிட்டையே எரிபொருளாக வைத்தால் என்ன என்று எழுந்ததுதான் ஆல்கஹால் அடுப்பு. பம்பு வைத்த வகை மண்ணெண்ணெய் அடுப்பின் குறையையெல்லாம் சுமந்தது. படகுத் தீ விபத்துகளில் கெட்ட பெயர் எடுத்தது. பின்னால் வந்தது அழுத்தமே இல்லாத வகை. ஓர் உலோக டப்பாவுக்குள் நார்ப்பொதி; அதில் ஸ்பிரிட்டை ஊற்றினால் நார் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டப்பா சாய்ந்தாலும் கொட்டாது, மேற்பரப்பில் ஆவியாகிற அளவு மட்டும் எரியும். வெடிக்க எதுவும் இல்லை, கெடக்கூடிய வால்வும் இல்லை. விலை கொடுக்க வேண்டியது நேரமாக: ஒரு கிலோ எத்தனாலின் வெப்பம் சுமார் 27 மெகாஜூல், கேஸுக்கோ 46. காபிக்கு வெந்நீர் வைத்துவிட்டு நிதானமாகக் காத்திருக்க வேண்டும். இதன் நிஜ ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துச் சூடான டப்பாவில் மறுபடி ஊற்றுகிற கைதான் வெந்துபோகிறது. ஸ்பிரிட் தீயைத் தண்ணீர் அணைக்கும் என்பது உண்மை, ஏனென்றால் இரண்டும் கலந்துவிடும். ஆனால் ஒரு குவளை மட்டும் வீசினால் அணைவதற்கு முன் எரியும் திரவத்தைப் பரப்பிவிடும். ஆறிய டப்பாவை வெளியே எடுத்துவந்து திறந்த தளத்தில் நிரப்புகிற ஒழுக்கம் இருக்குமானால், ஒன்றிரண்டு பேர் ஓரிரு நாள் போகும் சிறு பாய்ப்படகுக்கு நான் இதையே சொல்வேன்.

எரிபொருளைத் தாண்டினால் ஆட்டம். காற்றை ஒரு பக்கம் வாங்கி ஓடும் பாய்ப்படகு மணிக்கணக்கில் இருபது டிகிரி சாய்ந்தே போகும். இருபது சென்டிமீட்டர் அகலப் பாத்திரம் இருபது டிகிரி சாய்ந்தால் ஓர் ஓரத்தில் நீர் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். முப்பது டிகிரி என்றால் கிட்டத்தட்ட ஆறு. அதனால் பாய்ப்படகு அடுப்பை இரு பக்கமும் அச்சில் தொங்கவிடுகிறார்கள். படகு சாயும், அடுப்பு மட்டம் காக்கும். இந்த உத்தியைப் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் அழைக்கிறார்கள். ஆனால் அவருக்கு வெகுகாலம் முன்பே, சீனாவின் டாங் வம்சக் காலத்தில் வெள்ளித் தூபப் பந்துகள் செய்திருக்கிறார்கள். பந்துக்குள் வளையம், அதற்குள் வளையம், நடுவே கனல் வைத்த குட்டிக் கிண்ணம். பந்தை எப்படி உருட்டினாலும் கனல் சிந்தாது. திசைகாட்டிக்குப் புகழ்பெற்ற இந்தத் தொங்கல், அங்கே ஒரு பிடி நெருப்பைக் காக்கப் பயன்பட்டிருக்கிறது.

தொங்கும் அடுப்பு ஓர் ஊசல். அதன் எடைமையம் அச்சுக்குக் கீழே இருக்கும்வரைதான் அது நிமிர்ந்து நிற்கும். ஐந்து லிட்டர் நீர் நிறைந்த பாத்திரத்தை மேலே ஏற்றினால் எடைமையமும் ஏறும். அச்சைத் தாண்டினால் அடுப்பு குட்டிக்கரணம் போடும். அதனால் அடியில் கனம் சேர்க்கிறார்கள். கீழே சூட்டடுப்பு உள்ள மாதிரிகளில் அதன் கதவைத் திறந்ததும் எடை முன்பக்கம் விழுந்து, மேலே கொதிப்பது சமைப்பவர் மடிக்கு வரும். திறக்கும் முன் தாழ்ப்பாள் போட்டு அடுப்பை நிறுத்த வேண்டும். ஊசலுக்கென்று ஒரு தாளமும் உண்டு. அடுப்பு ஒரு நொடிக்கு ஒருமுறை ஆடும், படகு மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை உருளும் என்றால் தொல்லையில்லை. இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்தால் ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பாத்திரத்து நீருக்கும் தாளம் உண்டு: இருபது சென்டிமீட்டர் பாத்திரத்தில் அரை நொடி. அலையின் தாளத்தைவிட அது மிக வேகம் என்பதால், நீர் மெதுவான உருளலோடு சண்டை போடாமல் மட்டத்தைப் பின்பற்றிவிடுகிறது. வெடுக்கென்ற குலுக்கல்தான் அதைச் சிந்த வைக்கும்.

இன்ஜினில் ஓடும் படகு ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதில்லை. இரு பக்கமும் உருண்டு திரும்பும். அதற்கு இந்தத் தொங்கல் தேவையில்லை என்பது என் கருத்து. அடுப்பைத் தளத்தோடு முடுக்கிவிட்டு, பாத்திரத்தை அணைத்துப் பிடிக்கும் கம்பித் தடுப்புகளைச் சுற்றிலும் வைத்து, ஆழமான பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பாமல் சமைத்தால் போதும். கடலில் சமையல் செய்பவரைத் தீயைவிட அதிகம் சுடுவது வெந்நீரும் குழம்பும்தான். பிரஷர் குக்கரை உலகக் கடலோடிகள் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமில்லை: பூட்டிய மூடி. விசில் போடாத நேரத்தில்கூடப் பூட்டி வைத்த குக்கர் சறுக்கினால் சோறு தரையில் இராது.

கரன்ட் அடுப்பைக் கேட்பவர்கள் இப்போது அதிகம். தீ இல்லை, நச்சு வாயு இல்லை, ஆவி இல்லை. எல்லா ஆபத்தும் தீர்ந்ததுபோல் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க இன்டக்‌ஷன் அடுப்புக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கும். அதன் ஆயுள் கருதிப் பாதியைத்தான் எடுக்கலாம். டீக்கு அது தாராளம். ஐந்தாறு பேருக்கு மூன்று வேளையும் சோறு பொங்க லித்தியம் பேட்டரிகளும் கூரை நிறைய சோலார் தகடுகளும் வேண்டும். ஆபத்து ஒரேயடியாகப் போவதும் இல்லை: 1,200 வாட் அடுப்பு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் இழுக்கும். கொஞ்சம் தடிமன் குறைந்த ஒரு கம்பி, உப்புப் பிடித்த ஓர் இணைப்பு போதும், தீ அடுப்பை விட்டு மறைவான சுவருக்குள் தொடங்கும். வசதியும் பராமரிக்கும் ஆளும் உள்ளவர்களுக்கு இதுதான் வருங்காலம் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்கு இன்னும் காலம் ஆகும்.

தங்கு கடல் தொழிலுக்குப் போகும் நம் விசைப்படகுகளுக்குக் கேஸே நடைமுறை. எட்டுப் பத்துப் பேருக்கு வேளாவேளைக்குச் சோறும் மீன்குழம்பும் வேறெதிலும் ஆகாது. அந்தப் படகுகளைக் கட்டுபவர்களிடமும் மானியம் கொடுப்பவர்களிடமும் கேட்க வேண்டியவை சில. சிலிண்டருக்குத் திறந்த தளத்தில், இன்ஜின் மூடிக்குத் தள்ளி, கடல்நீர் வடியும் துளைக்கு அருகே, நிமிர்ந்து நிற்கும்படி பட்டையிட்டுக் கட்ட ஓரிடம் வேண்டும். படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே வரும். அது இருநூற்றைம்பது மடங்குக்கு விரியும். தெர்மோகப்பிள் உள்ள அடுப்பு வேண்டும். உப்புக்காற்றில் ரெகுலேட்டரும் டியூபும் கரையில் இருப்பதைவிடச் சீக்கிரம் கெடும் என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி பார்க்க இரண்டு நிமிடம் வேண்டும். தீயணைப்பானை அடுப்புக்கு மேலே மாட்டக் கூடாது. தீயைத் தாண்டிக் கை நீட்டி யாராலும் எடுக்க முடியாது. அது வாசல் பக்கம் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டரை அடைத்து, டியூபில் மிச்சமிருக்கும் கேஸும் எரிந்து தீ தானாக அணைந்த பிறகு அடுப்பின் திருகை மூடலாம். அப்போது கேபினுக்குள் வரும் குழாயில் கசிவதற்கு எதுவும் இராது.